ரா. செல்வராணி என்று பேர் வெட்டிய டிரம்

பாத்திரக்கடைக்காரன் வீட்டில் பிறந்தவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஊரில் யார் வீட்டில் கல்யாணம் என்பது, பத்திரிகை அடிக்கிற பிரஸ்காரருக்கு அடுத்தபடியாக அவனுக்குத்தான் தெரியும். மண்டபம் கிடைத்ததோ இல்லையோ, பெண்ணைப் பெற்றவர்கள் முதலில் அண்டா வாங்க வந்துவிடுவார்கள். நான் மனசுக்குள் வைத்திருந்த பெண்ணுக்குக் கல்யாணம் என்கிற சேதியும் எனக்கு அப்படித்தான் வந்தது. அவளுடைய அப்பா எங்கள் கடையில் நின்று பித்தளை அண்டா ஒன்றை விரலால் சுண்டிப் பார்த்தார். "நல்ல கனமாக் குடுங்க தம்பி. ஒரே பொண்ணு. அண்ணன் தம்பின்னு பின்னால சீர் செய்ய ஆளு கெடையாது" என்றார். கனமானதாகப் பார்த்துப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தவன் சாட்சாத் நானேதான்.

எங்கள் கடை அருப்புக்கோட்டை பஜாரில் இருக்கிறது. அப்பாவுக்கு வியாபாரம், எனக்குப் பேர் வெட்டுகிற வேலை. இப்போது எல்லாரும் மிஷின் வைத்து வெட்டுகிறார்கள். அப்பாவுக்கு அது ஆகாது. "மிஷின்ல வெட்டுனா பூனை பிராண்டுன மாதிரி இருக்கும்டா" என்பார். அதனால் இன்றைக்கும் எங்கள் கடையில் சின்ன உளி, சின்னச் சுத்தியல், டிக்டிக்டிக் என்று புள்ளி புள்ளியாகத்தான் எழுத்து. இனிஷியல், பேர், அதற்குக் கீழே ஊர். காலையிலிருந்து சாயங்காலம் வரை இந்த டிக்டிக்கிலேயே உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன ஆகும்? எனக்குத் தாளப் பைத்தியம் பிடித்தது. பஸ்ஸு ஜன்னல் கம்பி, டீக்கடை பெஞ்சு, முன்னால் போகிறவர் கையிலிருக்கும் டிபன் கேரியர் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. (சாப்பாட்டுத் தட்டில் அடித்து அம்மாவிடம் கரண்டியால் வாங்கியிருக்கிறேன். அதிலும் ஒரு தாளம் இருந்தது.)

செல்வராணி பாலவனத்தத்துப் பெண். பன்னிரண்டாம் வகுப்பில் எனக்கு முந்தின பெஞ்சு. வாத்தியார் வராத ஒரு பீரியடில் ஜாமெட்ரி பாக்ஸின் மேல் ரெண்டு பேனாவை வைத்து வெளுத்துக்கொண்டிருந்தேன். "ஏலே, நிப்பாட்டித் தொலைடா" என்று வகுப்பே கத்தியது. அவள் மட்டும் திரும்பி, "இன்னொருக்க அடி" என்றாள். அவ்வளவுதான். அவள் என்னிடம் பேசிய மொத்த வசனமும் அந்த ரெண்டே வார்த்தை. அவள் அன்றைக்கே மறந்திருப்பாள். நான் அதை வைத்துக்கொண்டு ஏழு வருஷம் மனசுக்குள் குடும்பம் நடத்தினேன்.

அவளுடைய அண்டாவில் பேர் வெட்ட வேண்டியவன் நான். வழக்கமாக ஒரு பேருக்குக் கால் மணி நேரம் போதும். இதற்கு ஐந்து நாள் எடுத்துக்கொண்டேன். முதல் நாள் 'ரா' மட்டும். ரெண்டாம் நாள் உளியைச் சாணை பிடித்துவிட்டு வருகிறேன் என்று போனவன் சாயங்காலம் வரை திரும்பவில்லை. மூன்றாம் நாள் கண்ணில் தூசி. வெட்டின எழுத்தையும் லேசாக வெட்டவில்லை, யாருக்கும் வெட்டாத ஆழத்தில் வெட்டினேன். அவர்கள் வாங்கின மற்ற குடமும் தவலையும் பேரில்லாமல் வரிசையில் காத்துக் கிடந்தன. "ஏண்டா, நீ வெட்டி முடிக்கிறதுக்குள்ள அந்தப் பொண்ணுக்குப் பேரனே பொறந்துருவான் போலிருக்கே" என்றார் அப்பா.

ஆறாம் நாள் கல்யாணம் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். அவள் பேரில் ஒரு தப்பும் கிடையாது, ஊருக்கே தெரியும். அவளுடைய அப்பா தலையைக் குனிந்துகொண்டு கடைக்கு வந்தார். 'பேர் வெட்டிய பாத்திரம் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று எங்கள் கடையில் பெரிய போர்டே தொங்குகிறது. ஆனால் பேர் வெட்டியிருந்தது ஒரே ஓர் அண்டாவில்தானே! மற்ற எல்லாவற்றையும் அப்பா மறுபேச்சில்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டார். என்னுடைய சோம்பேறித்தனம் ஒரு குடும்பத்துக்கு உதவியது அந்த ஒரு தடவைதான். அண்டாவை மட்டும் அவர் வாங்கிப் போக மறுத்துவிட்டார். "வீட்டுல வச்சா அவ அம்மா பாத்துப் பாத்து அழுவா. இங்கயே கெடக்கட்டும்."

நின்றுபோன கல்யாணத்துப் பெண் பேர் போட்ட பாத்திரத்தை யார் வாங்குவார்கள்? அண்டா பரணுக்குப் போனது. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் தினமும் மற்றவர்கள் பேரை வெட்டினேன். அவளுக்காக வருத்தப்பட்டேன், சத்தியமாக வருத்தப்பட்டேன். ஆனால் கல்யாணம் நின்ற அன்றைக்கு மத்தியானம் ரசத்துக்கு ரெண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன் என்பதையும் மறைக்கக் கூடாது.

அப்போது எனக்குள் ஒரு திட்டம் முளைத்தது. அம்மாவை அனுப்பிச் செல்வராணியைப் பெண் கேட்க வேண்டும். ஆனால் வெறும் பேர் வெட்டுகிறவனாகப் போய் நிற்கக் கூடாது. அதிலும் அவள் பேரை இன்னொருத்தன் வீட்டுச் சீருக்காக வெட்டினவன் நான், என்ன மரியாதை இருக்கும்? மேடையில் ஏறி ஒரு கச்சேரி வாசித்த ஆளாகப் போக வேண்டும். இந்தத் திட்டத்தில் என்ன பகுத்தறிவு இருந்தது என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. இருபத்தைந்து வயதில் கேட்டிருந்தால் கேட்டவரை அடித்திருப்பேன்.

ஊரில் கீபோர்டு அந்தோணி அண்ணன் ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார். அவருடைய டிரம்ஸ்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டு ஓடினேன். மேஜையில் தட்டிக் காட்டினேன். "கை நல்லாத்தான் இருக்கு தம்பி. மத்த டிரம்மெல்லாம் நம்மகிட்ட இருக்கு. ஸ்னேர் மட்டும் அவரு சொந்தம், தூக்கிட்டுப் போயிட்டாரு. ஒரு ஸ்னேரோட வா, சேத்துக்குறேன்" என்றார்.

ஸ்னேர் என்பது, டிரம்ஸ் அடிக்கிறவர் ரெண்டு முழங்காலுக்கும் நடுவில் அகலமாக, உயரம் குறைவாக உட்கார்ந்திருக்குமே, அதுதான். அடித்தோலை ஒட்டி மெல்லிய கம்பிச் சுருள் ஓடும். அதனால்தான் அடித்தால் வெறும் 'டொம்' என்று கேட்காமல் 'டப்சர்ர்' என்று சீறும். பாட்டுக்கு முதுகெலும்பே அந்தச் சீறல்தான். மதுரையில் போய் விலை கேட்டேன். கேட்டதோடு சரி. திரும்பி வருகிற பஸ்ஸில் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஏதோ ஒரு தேசத்தில் ஒரு தாடிக்காரர் பித்தளைத் தகட்டை வளைத்துத் தானே ஸ்னேர் செய்கிறார். பித்தளைதான் இருக்கிறதிலேயே இனிமையான சத்தம் என்கிறார். எனக்குப் பரண் ஞாபகம் வந்தது.

என் சிநேகிதன் ஜாகிர் வீரசோழன்காரன். சவூதியில் சில வருஷம் குழாய் வெட்டிவிட்டு வந்து, அருப்புக்கோட்டையில் எங்கள் கடைக்குப் பின் தெருவில் லேத்துப் பட்டறை போட்டிருந்தான். ஒரு நூல் அளவு பிசகினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காத ஜாதி. அப்பா வெளியே போன நேரம் பார்த்து அண்டாவைக் கோணிச்சாக்கில் சுற்றி அவனிடம் கொண்டுபோனேன்.

"என்ன மாப்ளே, பிரியாணி போடப் போறியா?"

"டிரம் செய்யணும்டா."

அவன் அண்டாவைத் திருப்பினான். பேரைப் படித்தான். "இது யாரு?"

"பழைய ஸ்டாக்கு."

"பழைய ஸ்டாக்குக்கு ஏம்ல காது செவக்குது?"

நான் வாசலில் போகிற பஸ்ஸைப் பார்த்தேன். ஜாகிர் நல்லவன், அதற்குமேல் கேட்கவில்லை.

வேலை மூன்று மாசம் இழுத்தது. அண்டாவின் வாயையும் அடியையும் அறுத்து, நடுவிலிருந்து ஐந்தரை இஞ்சு உயரத்துக்கு ஒரு வளையம் எடுத்தோம். டிரம் தோல் பதினாலு இஞ்சு என்று கணக்காக வரும், எங்கள் அண்டாவுக்கோ அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. மேலே அகலம், கீழே ஒடுக்கம். ஜாகிர் பேருக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் ஒரு வெட்டு வெட்டி, ஆப்பு மாதிரி ஒரு துண்டை எடுத்துவிட்டு, இழுத்துச் சேர்த்துப் பற்றவைத்தான். "பேரைத் தொடல மாப்ளே, பயப்படாதே" என்றான். கேட்காமலே சொன்னான்.

விளிம்பு சமமாக இருந்தால்தான் தோல் ஒழுங்காக உட்காரும். ஒரு கிரானைட் பலகையில் வளையத்தைக் கவிழ்த்து, உள்ளே டார்ச்சை எரியவிட்டு, ரெண்டு பேரும் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எங்கே வெளிச்சம் கசிகிறது என்று பார்ப்போம். கசிகிற இடத்துக்குப் பக்கத்தில் அரம் போடுவோம். மறுபடி படுப்போம். வெல்டிங் வைக்க வந்த ஒருத்தர் எங்களைப் பார்த்துவிட்டு, ஏதோ தொழுகை போலிருக்கிறது என்று செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே காத்திருந்தார். அடிக்கம்பிக்குப் பக்கத்துத் தறிக்கொட்டகையில் கிடந்த மெல்லிய கம்பிகளை வைத்துப் பார்த்தோம். தகர டப்பாவில் சோளம் வறுபடுகிற சத்தம் வந்தது. கடைசியில் கம்பியும் தோலும் மதுரையில் வாங்கினேன். முறுக்குகிற ஆணிகளை ஜாகிர் பித்தளையிலேயே கடைந்தான், எட்டும் எட்டு ரத்தினம்.

முதல் அடி அடித்த மத்தியானம் மறக்காது. குச்சியை ஓங்கி ஒரு போடு போட்டேன். 'ணங்ங்ங்' என்று அது பாட்டுக்கு ஓடியது. முன் தெருவிலிருந்த எங்கள் கடையிலிருந்து அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். "எவன்டா அண்டாவைக் கீழ போட்டது?" அவர் தலை மறைந்ததும், மேல்தோலுக்கு அடியில் துணிக் கிழிசலை வளையமாக ஒட்டினோம். கம்பியை ஒரு திருகு இறுக்கினோம். மறுபடி அடித்தேன்.

டப்சர்ர்.

ஜாகிர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்துவிட்டான். நான் அழுதுவிட்டேன். (லேத்து எண்ணெய் கண்ணில் பட்டது என்று சொல்லி வைத்தேன். எண்ணெய் டப்பா மூடியிருந்தது.) அவ்வளவு வருஷமாக விரலுக்குள்ளேயே கிடந்த சத்தம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

அந்தோணி அண்ணன் செட்டு சிவப்பு நிறம். ஸ்னேரும் சிவப்பாக இருக்க வேண்டும், பேரும் வெளியே தெரியக் கூடாது.

"பேரைத் தேய்ச்சு எடுத்துரவா?" என்றான் ஜாகிர். "அரை மணி நேர வேலை."

"வேணாம்."

"அப்ப?"

"மேல சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிருவோம். பைக்குக்கு ஒட்டுவாகள்ல, அது."

"நம்ம ஊரு வெயிலுக்கு ஸ்டிக்கர் நிக்காது மாப்ளே. பசை உருகி ஓடிரும்" என்றான். தொழில் தெரிந்தவன் சொன்னதைக் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. அந்தப் பேரின் மேல் அரத்தை வைக்க எனக்கு மனசு வரவில்லை, உண்மை அதுதான்.

அந்தோணி அண்ணன் போன் செய்தார். "ஞாயித்துக்கெழம பாலவனத்தத்துல ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிஞ்சதும் கச்சேரி. வந்துரு." பாலவனத்தம்! அவள் ஊர்! மைக்செட்டுச் சத்தம் அவள் வீடு வரைக்கும் போகும். யார் வாசிக்கிறது என்று எட்டிப் பார்ப்பாள். அன்றைக்குச் சாயங்காலமே அம்மாவிடம் சொல்லிவிடலாம். "ஞாயித்துக்கெழம வந்து உங்கிட்ட ஒரு விசயம் சொல்றேம்மா" என்றேன். அம்மா, "அதுக்குள்ள கீழ விழுந்து கைய காலை ஒடச்சுக்காத" என்றாள். (ஒடிந்தது வேறு.)

மண்டப வாசலில் பூவால் எழுதியிருந்தார்கள். 'செல்வராணி' என்று இருந்தது. பாலவனத்தத்தில் எத்தனையோ செல்வராணிகள் இருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நாலு எட்டு வைத்தேன். அதற்குள் பட்டுச் சட்டையோடு அவளுடைய அப்பாவே எதிரில் வந்தார்.

"வாங்க தம்பி! நீங்க கச்சேரில இருக்கீகளா? பத்திரிகை வைக்கலன்னு தப்பா நெனைக்காதீக. பாத்திரம்கூட விருதுநகர்லதான் எடுத்தோம். போன தடவ ஊரு பூரா சொல்லித்தான் அப்படி ஆச்சு. இந்தத் தடவ பூ வச்சு பத்தே நாள்ல, சத்தமில்லாம முடிச்சிருவோம்னு…" என்றார். பின்னால் நாலு பேர் சத்தத்துக்கென்றே ஸ்பீக்கர் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். "பாட்டு மட்டும் மாப்பிள்ளை ஆசை" என்றார்.

ஊரில் எல்லார் கல்யாணமும் முதலில் தெரிகிறவனுக்கு அந்த ஒரு கல்யாணம் தெரியாமல் போய்விட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று நின்றேன். அந்தோணி அண்ணன் என் கையிலிருந்து ஸ்னேரை வாங்கி ஸ்டாண்டில் வைத்து, அதற்கு முன்னால் ஒரு மைக்கையும் நிறுத்திவிட்டார். உட்கார்ந்துவிட்டேன். அவர் கட்டாயப்படுத்தியதால் உட்கார்ந்தேன் என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன். நிஜத்தில், அவள் இனிமேல் கிடைக்க மாட்டாள் என்றாலும், அந்தச் சத்தத்தை அவள் ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்று இருந்தது. அதற்காக எத்தனை நாள் குப்புறப் படுத்திருக்கிறேன்!

பொண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் சோபாவில் இருந்தார்கள். எங்களுக்கு அவர்களுக்கு நேர் எதிரில், மண்டபத்துக்கு வெளியே போட்ட தகரக் கொட்டகை. மணி பதினொன்றரை. மேலே தகரம் காய்ந்து, உட்கார்ந்த இடத்தில் அப்பளம் பொரிக்கலாம். முதல் பாட்டு சுமாராகப் போனது. ரெண்டாவது பாட்டில் கை சூடு பிடித்தது. மூன்றாவது பாட்டில் செல்வராணி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

பார்த்தாள் என்றால் சும்மா இல்லை, வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஞாபகம் வந்துவிட்டது அவளுக்கு! ஜாமெட்ரி பாக்ஸ் ஞாபகம் வந்துவிட்டது! பாட்டில் இல்லாத இடத்திலெல்லாம் ஒரு உருட்டு உருட்டினேன். அவள் கண் இன்னும் விரிந்தது. இன்னும் வேகமாக உருட்டினேன். அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அடேயப்பா, கலைஞன் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று, குச்சி உடைகிற மாதிரி ஒரு முத்தாய்ப்பு வைத்தேன். அப்போது என் முழங்காலில் ஏதோ ஒட்டியது. குனிந்து பார்த்தேன். சிவப்பு ஸ்டிக்கர், வெயிலில் பசை உருகி, முழுசாகக் கழன்று என் மடியில் சுருண்டு கிடந்தது.

நான் அடிக்க அடிக்க அது எழுத்து எழுத்தாகக் கழன்றிருக்கிறது. அவள் பார்த்தது என்னை இல்லை.

மாப்பிள்ளையுடைய சித்தப்பா கொட்டகைக்கு அருகில் வந்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஊருக்கே கேட்கிற குரலில் படித்தார். "ரா… செல்வராணி… பாலவனத்தம்." பாட்டு நின்றுவிட்டது. "யாருப்பா நீ? எங்க வீட்டுப் பொண்ணு பேர டிரம்முல வெட்டி வச்சு அடிக்கிறியே, உனக்கு அவ என்ன வேணும்?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவளுடைய அப்பாவுக்கு அந்த அண்டா அடையாளம் தெரிந்துவிட்டது. ஒரு கல்யாணம் நின்றுபோன வீடு அது. ரெண்டாவது கல்யாணத்தில், தாலி கட்டி ரெண்டு மணி நேரத்தில், எவனோ ஒருத்தன் பெண்ணின் பேரைப் போட்ட டிரம்மோடு எதிரில் உட்கார்ந்திருக்கிறான். என்ன ஏது என்று நாலு பேர் நாலு விதமாகப் பேச ஆரம்பித்தால் அவள் கதி என்ன? செல்வராணியைப் பார்த்தேன். அவள் முகத்தில் இருந்தது பயம். வெறும் பயம். ஏழு வருஷமாக நான் பார்க்க ஆசைப்பட்ட முகம், என்னால் இப்படி ஆகிவிட்டது.

"தங்கச்சிங்க" என்றேன்.

ஸ்னேருக்கு முன்னால் வைத்திருந்த மைக்கு அதைப் பிடித்து, நாலு ஸ்பீக்கரிலும் 'தங்கச்சிங்க' என்று பாலவனத்தம் முழுக்கச் சொன்னது.

"கூடப் படிச்ச பிள்ளைங்க. அண்ணன் தம்பி இல்லன்னு அவுக அப்பா சொன்னாக. அதான்… சீரு. பேர் வெட்டிக் கொண்டாந்தேன்."

"சீருன்னா அண்டா, குடம் குடுப்பாக. டிரம்மையா குடுப்பாக?" என்றார் சித்தப்பா.

அதற்குள் அவளுடைய பெரியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அந்த மகராசி நன்றாக இருக்க வேண்டும். "அண்டா எல்லா வீட்லயும்தான் இருக்கு! மாப்பிள்ளைக்குப் பாட்டுன்னா உசுருன்னு தெரிஞ்சு எங்க பய டிரம்மாச் செஞ்சு கொண்டாந்திருக்கான். மொதல்ல வாசிச்சுக் காமிச்சுட்டு, பெறகு தட்டுல வச்சுக் குடுக்கலாம்னு இருந்தோம். அதுக்குள்ள உங்களுக்கு என்ன அவசரம்?" என்று ஒரே போடாகப் போட்டாள். என்னைப் பார்த்து, "எந்திரிடா, சீரத் தூக்கு" என்றாள்.

தாம்பாளம் வந்தது. வெற்றிலை, வாழைப்பழம், நடுவில் என் ஸ்னேர். மொய் எழுதுகிற இடத்தில் மைக்கு வைத்திருந்தவர் அறிவித்தார். "அருப்புக்கோட்டை பாத்திரக்கடை கதிரேசன் அவர்கள், தங்கச்சி செல்வராணிக்குச் செய்யும் அண்ணன் சீர், பித்தளை டிரம் ஒன்று." ரெண்டு தடவை அறிவித்தார். ரெண்டாவது தடவை கைதட்டல்கூட வந்தது. மாப்பிள்ளை எழுந்து வந்து என்னைக் கட்டிப் பிடித்து, "ரொம்ப சந்தோசம் மச்சான்" என்றார். நல்ல மனுஷன். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

செல்வராணி தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள். அந்தப் புள்ளி எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். என்ன ஆழத்தில் வெட்டியிருக்கிறது என்று அந்த விரலுக்குத் தெரிந்திருக்கும். மிச்சக் கச்சேரியை நான் கவிழ்த்துப் போட்ட சாம்பார் வாளியில் வாசித்தேன். அந்தோணி அண்ணன் ஊர் திரும்புகிற வேனில், "ஸ்னேர் இல்லாத ஆளை வச்சு நான் என்ன தம்பி செய்ய?" என்று கேட்டார். என் முதல் கச்சேரியும் கடைசிக் கச்சேரியும் ஒரே பந்தியில் முடிந்தன.

நாங்கள் வேன் ஏறுவதற்கு முன்னால், அவர்களுடைய சீர் வேன் திருச்சுழிக்குக் கிளம்பியது. மாப்பிள்ளைக்கு அந்த ஊர்தான். விருதுநகர்ப் பாத்திரங்களுக்கு மேலே, கீறல் படாமல் தலையணை வைத்து, என் ஸ்னேரை வைத்திருந்தார்கள். கார் ஜன்னல் வழியாக அவள் என்னைப் பார்த்து, "போயிட்டு வாரேன்ணே" என்றாள். அது அவள் எனக்குச் சொன்ன ரெண்டாவது வசனம்.

மறுநாள் ஜாகிர் கேட்டான். "பத்தவச்ச எடம் நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"ஸ்டிக்கர்?"

நான் சொல்லச் சொல்ல, லேத்தை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்புறம் டீ வாங்கிக்கொடுத்தான். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொண்ணு செய்வமா மாப்ளே?" என்றான். வேண்டாம் என்றேன். அப்பாவுக்கு விஷயம் ஒரு வாரத்தில் வந்து சேர்ந்தது. அண்டாவைக் கேட்காமல் எடுத்ததற்குத் திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். "பேரு யாரதோ அவுக வீட்டுக்குப் போயிருச்சு. விடு" என்று சொல்லிவிட்டுப் போர்டைத் துடைக்கப் போனார். அம்மா மட்டும், "என்னமோ சொல்றேன்னியேடா?" என்றாள். "பாலவனத்தத்துல சாப்பாடு நல்லாருந்துச்சும்மா" என்றேன்.

வாயால் சொன்ன உறவு அதோடு போய்விடும் என்று நினைத்தேன். எங்கள் பக்கம் அப்படி விடமாட்டார்கள். மைக்கில் சொல்லியாகிவிட்டதே! தலை தீபாவளிக்கு வேட்டி சேலை கொண்டுபோனேன். வளைகாப்புக்கு வளையல் அடுக்கினேன். எனக்கும் கல்யாணம் ஆனது. என் மனைவி காளீஸ்வரி கெட்டிக்காரி. எங்கள் கல்யாணத்துக்கு வந்த செல்வராணியின் பெரியம்மா முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். 'தங்கச்சி' என்பதற்கு முன்னால் என் மனசில் என்ன இருந்தது என்பதை மட்டும் பெரியம்மாவுக்குச் சொல்லத் தெரியாது. காளீஸ்வரி அதையும் தானே கண்டுபிடித்துக்கொண்டாள். "ஆசப்பட்ட பொண்ணுக்கு அண்டாவ அறுத்துச் சீர் செஞ்ச ஒரே ஆளு எங்க வீட்டுக்காரரு" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காபியோடு இதையும் சேர்த்துக் கொடுப்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு பஸ்ஸில் ரொம்ப நேரம் ஆகாது. அந்தக் கொஞ்ச நேரத்துக்கு அப்பால் என் டிரம் இருந்தது. அதற்கு ஏங்கினேன். கடையில் உளியைத் தட்டும்போதெல்லாம் அந்த 'டப்சர்ர்' காதுக்குள் கேட்கும். நீ ஏங்குவது டிரம்முக்கா, அவளுக்கா என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்ல? ரெண்டுக்கும் ஒரே பேர்தான் போட்டிருந்தது.

அவளுடைய பையனுக்குப் போன வருஷம் காது குத்தினார்கள். திருச்சுழிக்குப் பக்கத்தில் அவர்கள் குலசாமி கோயில். தாய்மாமன் மடியில்தானே உட்கார்த்த வேண்டும், உட்கார்த்தினார்கள். ஆசாரி ஊசியை எடுப்பதற்கு முன்பே பயல் பொட்டலையே அதிர வைக்கிற மாதிரி அழுதான். வாழைப்பழம், பலூன், செல்போன், எதற்கும் மசியவில்லை. செல்வராணி வேனுக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது கையில் என் ஸ்னேர். சிவப்பு ஸ்டிக்கர் எல்லாம் போய், புளி போட்டு விளக்கிய பித்தளை, வெயிலில் தகதகவென்று இருந்தது. "இவன் இதுலதான்ணே தெனமும் கரண்டிய வச்சு அடிப்பான்" என்று என் முன்னால் வைத்தாள்.

பயலை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறுகை விரலால் மெதுவாகத் தட்டினேன். டப்சர்ர். ஜாகிர் வைத்த முறுக்கு அப்படியே இருந்தது. பயல் அழுகையை நிறுத்திவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தான். ஆசாரி அந்த இடைவெளியில் ஒரு காதை முடித்துவிட்டார்.

"இன்னொருக்க அடிங்கண்ணே" என்றாள் செல்வராணி.

அவளுக்கு ஞாபகம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. மறு காதுக்காகச் சொல்லியிருக்கலாம். நான் அடித்தேன். ஆசாரி முடித்த பிறகும் அடித்துக்கொண்டிருந்தேன். காளீஸ்வரிதான் வந்து தோளைத் தொட்டு, "பிள்ளைக்குக் குத்தியாச்சுங்க" என்றாள்.

கிளம்பும்போது செல்வராணி டிரம்மை என் கையில் கொடுத்தாள். "பய பேரையும் என் பேருக்குக் கீழ வெட்டிக் குடுங்கண்ணே." பயலின் பேர் கவின். மூன்றே எழுத்து. வெட்டி முடிக்க ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் மத்தியானம் கடை அடைத்திருக்கிற நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் கேட்டது என்று பஜாரில் பேச்சு. எனக்கு ஒன்றும் தெரியாது. ஏழாம் நாள் காலையில் காளீஸ்வரி டிரம்மைப் பையில் போட்டுக்கொண்டு, தானே பஸ் ஏறிப் போய்த் திருச்சுழியில் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதற்குத் தாமதம் செய்தாலும், குளிக்கப் போனவர் வர நேரமானாலும், "என்ன, பேரு வெட்டிக்கிட்டு இருக்காகளா?" என்பதுதான் பேச்சு. என் மகள்கூடச் சொல்கிறாள்.

போன திங்கட்கிழமை காளீஸ்வரி கடைக்கு வந்தாள். கல்யாணத்துக்கு அவள் கொண்டுவந்த பித்தளைக் குடத்தை என் முன்னால் வைத்தாள். ஊர்ப்பட்ட பேருக்கு வெட்டுகிறவன் பெண்டாட்டி குடத்தில் இத்தனை வருஷமாகப் பேர் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இதுல என் பேர வெட்டிக் குடுங்க."

"இந்தா, கால் மணி நேரத்துல…" என்று உளியை எடுத்தேன்.

"அவசரமில்ல" என்றாள். "ஏழு நாளு எடுத்துக்கங்க."

இன்றைக்கு நாலாவது நாள். 'கா' முடிந்திருக்கிறது.